மேசைமேல் ஒரு சிறு குளம்

வீட்டிற்குள் இயற்கையின் ஒரு சிறு பகுதியைக் கொண்டுவந்து வைத்துக்கொள்ள வேண்டும் என்னும் ஆசை மனிதனுக்கு மிகப் பழையது. முற்றத்தில் துளசி வளர்ப்பதும், கிணற்றில் மீன் விடுவதும், கூண்டில் கிளி வளர்ப்பதும் இவ்வாசையின் விளைவுகளே. இக்காலத்தில் அவ்வரிசையில் மற்றொன்றும் சேர்ந்திருக்கிறது. எழுதும் மேசையின் ஓரத்தில் 20 லிட்டர் நீர் கொள்ளும் ஒரு கண்ணாடித் தொட்டியை அமைத்து, அதில் பசுமையான பாசியையும் விரற்கடை அளவுள்ள செந்நிற இறால்களையும் வளர்ப்பது பல நாடுகளில் வழக்கமாகியுள்ளது. நம் நாட்டிலும் இவ்விறால்கள் கிடைக்கின்றன. அலங்கார மீன் வணிகத்திற்குப் பெயர்பெற்ற சென்னைக் கொளத்தூர் போன்ற இடங்களுக்குச் செல்வோர் இவற்றைக் கண்டிருக்கலாம்.

இதனை வெறும் அழகுப் பொருள் என்று எண்ணிவிடுதல் கூடாது. இருபது லிட்டர் நீருக்குள் ஒரு குளத்தின் முழு வாழ்க்கையும் நடைபெறுகிறது. அங்கே உரம் உண்டு, கழிவு உண்டு, பயிர் உண்டு, கால்நடை உண்டு. மண்ணையும் நீரையும் நம்பிப் பிழைப்போர்க்கும், நூலுக்குச் சாயமிட நீரை நாடுவோர்க்கும் இச்சிறு தொட்டி கற்பிக்கக்கூடியவை சில உள. ஆதலால் இதை அமைக்கும் முறையையும் காக்கும் முறையையும் சற்று விரிவாகக் காண்போம்.

முன் வரலாறு

கண்ணாடித் தொட்டியில் நீர்வாழ் உயிர்களை நெடுநாள் காத்தல் இயலும் என்பதை ஆராய்ந்து எழுதியவர்களுள் முதன்மையானவர் இலண்டன் நகரத்து இரசாயன அறிஞர் இராபர்ட் வாரிங்டன் என்பார். அவர் ஒரு கண்ணாடித் தொட்டியில் இரண்டு பொன்மீன்களையும் வாலிஸ்னேரியா என்னும் நீர்ச்செடியையும் வைத்தார். செடி விடும் பிராணவாயுவை மீன் உட்கொள்ளும், மீன் விடும் கரியமில வாயுவைச் செடி உட்கொள்ளும் என்பது அவர் கருத்து. ஆனால், செடியின் பழுத்த இலைகள் அழுகி நீரைக் கெடுத்தன. அதன் மேல் சில குளத்து நத்தைகளை விட்டார். அவை அழுகிய இலைகளைத் தின்று தொட்டியைத் தூய்மைப்படுத்தின. இச்செய்தியை அவர் 1850-இல் வெளியிட்டார். செடி, விலங்கு, கழிவைத் தின்னும் உயிர் ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று துணையாக நின்றாலன்றித் தொட்டி நிலைக்காது என்னும் உண்மை அன்றே விளங்கிற்று.

இறாலைத் தொட்டிக்குள் கொண்டுவந்து புகழ் பெறச் செய்தவர் ஜப்பான் நாட்டு நிகாதா பகுதியைச் சேர்ந்த தகாஷி அமானோ என்னும் புகைப்படக் கலைஞர். இவர் 1954-இல் பிறந்து 2015-இல் மறைந்தார். நீர்ச்செடிகளைக் கொண்டு தொட்டிக்குள் காடும் மலையும் போன்ற காட்சிகளை அமைத்த இவர், செடிகளின் மேல் படியும் வேண்டாத பாசியை அகற்ற 1980-களில் ஒருவகை நன்னீர் இறாலைப் பயன்படுத்தினார். அவ்விறால் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. பின்னர் 1990-களில் ஹிசயசு சுசுகி என்னும் மற்றொரு ஜப்பானியர், தம்மிடமிருந்த கருப்பு வெள்ளை வரியுள்ள இறால்களுக்கிடையே செந்நிறமாகத் தோன்றிய ஒன்றைப் பிரித்தெடுத்துப் பெருக்கி, ‘கிரிஸ்டல் ரெட்’ என்னும் புதிய வகையை உண்டாக்கினார். அதன் பின்னரே இறால் வளர்ப்பு தனிக் கலையாக வளர்ந்தது.

செர்ரி இறால்

முதன்முதலாக வளர்க்க விரும்புவோர்க்கு ஏற்றது செர்ரி இறாலே. விஞ்ஞானிகள் இதனை நியோகாரிடினா டேவிடி என்பர். சீனாவின் கிழக்குப் பகுதி, தைவான், கொரியா, வியட்நாம் ஆகிய இடங்களின் ஓடைகளும் குளங்களுமே இதன் தாயகம். இரண்டு முதல் மூன்று சென்டிமீட்டர் வரை வளரும். ஓர் ஆண்டு முதல் இரண்டு ஆண்டு வரை உயிர் வாழும்.

இயற்கையில் இதன் நிறம் செம்மையன்று. மங்கிய பழுப்பும் கண்ணாடி போன்ற தெளிவும் கலந்த உருவமே அதற்குரியது. நம் ஊர்க் கால்வாய்களில் துணியால் அரித்துப் பிடிக்கும் கூனியைப் போலவே அதுவும் பகைவர் கண்ணுக்கு எளிதிற் புலப்படாது. நல்ல கதிரைத் தேர்ந்து விதைக்கு எடுத்துவைக்கும் உழவரைப் போன்று, வளர்ப்போர் தலைமுறை தலைமுறையாகச் சிவந்தவற்றையே தேர்ந்தெடுத்துப் பெருக்கியதனால் இன்றைய செந்நிறம் வந்தது. மஞ்சள், நீலம், கருப்பு ஆகிய நிறங்களும் இவ்வாறு வந்தவையே. ஆகவே பல நிற இறால்களை ஒரே தொட்டியில் விடலாகாது. அவை தமக்குள் கலந்து, சில தலைமுறைகளில் பழைய பழுப்பு நிறத்திற்கே திரும்பிவிடும். கலப்பு நேராதபடி விதையைக் காப்பதன் அருமையை அறிந்தவர்க்கு இதை விளக்க வேண்டுவதில்லை.

தொட்டியும் அதன் இடமும்

நீளம் 40, அகலம் 25, உயரம் 25 சென்டிமீட்டர் உள்ள கண்ணாடித் தொட்டி போதுமானது. விளிம்புக்குச் சற்றுக் கீழ்வரை நிரப்பினால், அடியிலிடும் சரளை நீங்கலாக ஏறக்குறைய 20 லிட்டர் நீர் கொள்ளும். இதனினும் சிறிய தொட்டியை நாடுவது தவறு. சிறிய தொட்டியில் வெப்பமும் உப்பும் விரைவில் ஏறி இறங்கும். இறாலுக்கு அம்மாறுதலே பெரும் பகை. தொட்டி சிறுத்தால் வேலையும் குறையும் என்று எண்ணுவோர் உளர். உண்மை இதற்கு நேர்மாறானது.

இருபது லிட்டர் நீரின் எடை 20 கிலோ. கண்ணாடி, சரளை ஆகியவற்றையும் கூட்டினால் முப்பது கிலோவை எட்டும். ஆதலால் ஆடாத, மட்டமான, உறுதியான மேசையைத் தெரிந்தெடுத்தல் வேண்டும். நேர் வெயில் விழும் சன்னலோரம் ஆகாது. வெயிலால் நீர் சூடேறும், பாசியும் அளவின்றிப் படரும். அடுப்பங்கரை, சாயப் பட்டறை, பூச்சிமருந்து வைக்கும் அறை ஆகியவற்றிற்கு அருகிலும் தொட்டி இருத்தலாகாது.

அடியில் இரண்டு அங்குல உயரத்திற்கு நன்கு கழுவிய சரளையைப் பரப்புக. சோப்பு எதுவும் கொண்டு கழுவலாகாது. வெறும் நீரே போதும். ஜாவா பாசி எனப்படும் மெல்லிய பாசியைச் சிறு கல்லில் நூலால் கட்டி வைத்தால் அது படர்ந்து வளரும். இறால் குஞ்சுகளுக்கு மறைவிடமும் மேய்ச்சல் நிலமும் அதுவே. கொதிக்கவைத்து ஆறிய ஒரு மரக்கட்டையையும் இடலாம்.

நீரைத் தூய்மைப்படுத்தப் பஞ்சு வடிகட்டியே மிகச் சிறந்தது. ஒரு சிறு காற்றுப் பம்பு குழாய் வழியே காற்றைச் செலுத்த, குமிழிகள் மேலெழும்போது நீரும் பஞ்சின் ஊடே இழுக்கப்படுகிறது. பிற வடிகட்டிகள் நீரை வேகமாக உறிஞ்சுவதால் குஞ்சுகளையும் உள்ளிழுத்துவிடும். பஞ்சு வடிகட்டியில் அவ்வபாயம் இல்லை. மாறாக, பஞ்சின் மேற்பரப்பில் இறால்கள் அமர்ந்து மேயும். காற்றுப் பம்பை நீர் மட்டத்திற்கு மேலான இடத்தில் வைத்தல் வேண்டும். இல்லையேல் மின்சாரம் நின்றபோது நீர் குழாய் வழியே பின்வாங்கிப் பம்பினுள் புகும். ஒரு சிறு விளக்கை நாளொன்றுக்கு 6 முதல் 8 மணி நேரம் எரியவிட்டாற் போதும்.

கண்ணுக்குப் புலப்படாத வேலையாட்கள்

தொட்டி அமைத்த அன்றே இறால்களை வாங்கி விடுவதுதான் புதியோர் இழைக்கும் முதற் பிழை. நீர் பளிங்குபோல் தெளிந்திருக்கும், ஆயினும் சில நாட்களில் இறால்கள் ஒவ்வொன்றாய் மடியும். காரணம் கண்ணுக்குத் தெரியாது.

உயிர்கள் விடும் கழிவும் எஞ்சிய உணவும் அழுகி அம்மோனியாவாகின்றன. அம்மோனியா இறாலுக்குக் கொடிய நஞ்சு. நீர் காரத்தன்மை மிகுந்தும் வெப்பம் மிகுந்தும் இருப்பின் அதன் கொடுமை இன்னும் ஏறும். ஒருவகை நுண்ணுயிர்கள் இந்த அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. அதுவும் நஞ்சே. வேறு நுண்ணுயிர்கள் நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. நைட்ரேட் சிறிதளவில் தீங்கற்றது, செடிகளுக்கு உணவுமாகும். யூரியாவும் தொழு உரமும் இட்ட வயலின் மண்ணில் நிகழ்வதும் இச்செயலே. செர்கேய் வினோகிராட்ஸ்கி என்னும் ருசிய அறிஞர் இந்நுண்ணுயிர்களை 1890-ஆம் ஆண்டையொட்டிப் பிரித்தெடுத்துக் காட்டினார். வயலில் பயிருக்கு உணவு சமைக்கும் அதே கூட்டத்தார் தொட்டியில் இறாலின் உயிரைக் காக்கின்றனர்.

இந்நுண்ணுயிர்கள் பஞ்சிலும் சரளையிலும் குடியேறிப் பெருகுவதற்கு 4 முதல் 6 வாரம் வேண்டும். அதுவரை இறாலின்றி வடிகட்டியை ஓடவிட்டு, நுண்ணுயிர்களுக்கு இரையாக ஒரு சிட்டிகை மீன் உணவை இரண்டு மூன்று நாளுக்கொருமுறை இட்டுவருதல் வேண்டும். முதலில் அம்மோனியா ஏறி இறங்கும், பின்னர் நைட்ரைட் ஏறி இறங்கும். கடைகளில் விற்கும் சோதனை மருந்தைக் கொண்டு பார்த்து, இரண்டும் சிறிதும் இல்லை என்றும் நைட்ரேட் தோன்றியுள்ளது என்றும் கண்ட பின்பே தொட்டி குடிபுகத் தக்கதாகும். ஏற்கெனவே நன்கு நடக்கும் தொட்டியிலிருந்து ஒரு பழைய பஞ்சைப் பெற்று வைத்தால் இக்காலம் குறையும். காத்திருத்தலே இக்கலையின் முதற் பாடம்.

நீரின் தன்மை

குழாய் நீரில் கிருமி ஒழிக்கக் குளோரின் கலக்கப்படுகிறது. அது இறாலையும் கொல்லும், நுண்ணுயிர்களையும் கொல்லும். வாளியில் பிடித்து ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் நீங்கிவிடும். குளோரமின் என்னும் கூட்டுப்பொருள் கலந்திருந்தால் மட்டும் அவ்வாறு நீங்காது. நூலை வெளுத்தபின் எஞ்சிய குளோரினை முறிக்க ஹைப்போ என்னும் சோடியம் தயோசல்பேட் பயன்படுவதைச் சாயத்தொழிலர் அறிவர். தொட்டிக்கென விற்கப்படும் குளோரின் முறிப்பு மருந்துகள் பலவற்றிலும் அப்பொருளே உள்ளது. குளோரமின் உள்ள நீருக்கு அதனோடு அம்மோனியாவையும் கட்டுப்படுத்தும் மருந்தே ஏற்றது.

இறாலின் ஓட்டுக்குச் சுண்ணாம்புச் சத்து தேவை. ஆதலால் மிக மென்மையான நீர் ஆகாது. லிட்டருக்கு ஏறக்குறைய 100 முதல் 150 மில்லிகிராம் வரை கடினத்தன்மையுள்ள நீர் செர்ரி இறாலுக்கு உகந்தது. கார அமில அளவு 6.5 முதல் 7.8 வரை இருக்கலாம். ஆழ்துளைக் கிணற்று நீர் பல ஊர்களில் இதனினும் மிகக் கடினமாகவும் உப்பாகவும் இருக்கும். அத்தகைய நீரை மழைநீருடனோ, வடிகட்டி உப்பு நீக்கிய நீருடனோ அளவறிந்து கலந்து பயன்படுத்தலாம். வெறும் மழைநீரையோ உப்பு முற்றும் நீக்கிய நீரையோ தனியே பயன்படுத்துதல் கூடாது. எந்த அளவு அமைந்தாலும் அது நாள்தோறும் மாறாதிருத்தலே முக்கியம்.

இறால்களைக் குடியேற்றல்

முதலில் 10 இறால்கள் போதும். கடையிலிருந்து கொண்டுவந்த பையை அப்படியே தொட்டியில் கவிழ்த்துவிடுதல் ஆகாது. பையிலுள்ள நீரோடு இறால்களை ஒரு சிறு பாத்திரத்தில் வைத்து, தொட்டியிலிருந்து மெல்லிய குழாய் மூலம் நீரைச் சொட்டுச் சொட்டாக அதில் இறக்குக. குழாயில் ஒரு முடிச்சிட்டால் வினாடிக்கு இரண்டு மூன்று சொட்டு வீதம் விழுமாறு அமைக்கலாம். ஏறக்குறைய 2 மணி நேரத்தில் பாத்திரத்து நீர் தொட்டி நீரின் தன்மையை அடைந்துவிடும். பிறகு வலையால் இறால்களை மட்டும் எடுத்து விடுக. பை நீரைத் தொட்டியில் ஊற்ற வேண்டாம். முதல் நாள் அவை மறைந்தே இருக்கும். இரண்டொரு நாளில் வெளிவந்து, முன்கால்களால் இடைவிடாது பொறுக்கி உண்ணத் தொடங்கினால், நலமாக உள்ளன என்று கொள்ளலாம்.

மீன்களை உடன் வளர்க்கலாமா எனக் கேட்போர் உளர். வாயில் நுழையும் குஞ்சை விட்டுவைக்கும் மீன் அரிது. இறால் பெருக வேண்டுமாயின் இறால் மட்டும் இருப்பதே நன்று. குளத்திலிருந்து செடி எடுத்துவந்தால் அதனுடன் தட்டாரப் பூச்சியின் இளம்புழு வந்துவிடக்கூடும். அதுவும் இறாலைப் பிடித்துத் தின்னும்.

உணவு

கல், இலை, கண்ணாடி முதலியவற்றின்மேல் படியும் வழவழப்பான நுண்ணுயிர்ப் படலமே இறாலின் இயற்கை உணவு. ஆதலால் நாம் இடும் உணவு துணையுணவே ஆகும். வாரத்திற்கு இரண்டு மூன்று முறை, 2 அல்லது 3 மணி நேரத்திற்குள் உண்டு முடிக்கும் அளவே இடவேண்டும். மிஞ்சியதை எடுத்துவிட வேண்டும். பட்டினியால் மடிந்த இறால் குறைவு, உணவு மிகுந்து நீர் கெட்டு மடிந்தவையே மிகுதி.

கொதிநீரில் வாட்டிய பசலைக் கீரை, வெள்ளரித் துண்டு ஆகியவற்றை விரும்பி உண்ணும். பட்டுப்புழுவின் உணவாகிய மல்பெரி இலையும் இறாலுக்கு மிகப் பிடித்தமானது. உலர்த்தி வைத்துக்கொண்டு ஒரு சிறு துண்டாக இடலாம். தானே பழுத்து உதிர்ந்து காய்ந்த நாட்டு வாதுமை இலையொன்றைத் தொட்டியில் போட்டுவைத்தால், அது மெல்ல மெல்லச் சிதைந்து நெடுநாள் மேய்ச்சலாகும். அதிலிருந்து இறங்கும் துவர்ப்புப் பொருளால் நீர் தேநீர் நிறம் அடையும், அதனால் தீங்கில்லை. சாயத்தொழிலில் நிறம் ஏற்றப் பயன்படும் கடுக்காயும் இவ்வாதுமை மரத்தின் இனத்தைச் சேர்ந்ததே. எந்த இலையாயினும் மருந்து தெளிக்காத மரத்தினின்றும் எடுத்தது என்பது உறுதியாக வேண்டும்.

சட்டை உரித்தலும் இனப்பெருக்கமும்

இறாலின் உடலை மூடியுள்ள ஓடு வளராது. ஆகவே உடல் வளரும்போது பழைய ஓட்டைக் கழற்றிப் புதியதைப் பெறுகிறது. குஞ்சுகள் சில நாளுக்கொரு முறையும் வளர்ந்தவை மூன்று நான்கு வாரத்திற்கு ஒருமுறையும் இவ்வாறு உரிக்கும். தொட்டியில் வெறும் ஓடு கிடப்பதைக் கண்டு இறால் இறந்தது என்று அஞ்ச வேண்டாம். அவ்வோட்டை எடுத்தெறியவும் வேண்டாம். அதிலுள்ள சுண்ணாம்புச் சத்துக்காக இறால்களே அதை உண்ணும். உரித்த பின் புதிய ஓடு இறுகும்வரை இறால் மறைவிடம் தேடும்.

தலைக்கும் உடலுக்கும் இடையே ஓட்டைச் சுற்றி ஒரு வெள்ளை வளையம் தோன்றி, இறால் உரிக்க முடியாமல் மடிவதுண்டு. சத்துக் குறைவும், ஒரே நாளில் நீரை மிகுதியாக மாற்றுவதும் இதற்குக் காரணங்களாகக் கருதப்படுகின்றன.

பெண் இறால் ஆணினும் பெரியது, நிறமும் மிக்கது. பருவம் எய்தியதும் தலைக்குப் பின்னால் முதுகில் மஞ்சள் நிறச் சேணம் போன்ற அடையாளம் தோன்றும். அதுவே வளரும் சினை. பெண் சட்டை உரித்ததும் நீரில் ஒரு மணத்தை விடுகிறது. உடனே ஆண்கள் தொட்டியெங்கும் பரபரப்புடன் நீந்தும். பின்னர் இருபது முப்பது முட்டைகளை வயிற்றடியிலுள்ள நீச்சற் கால்களில் தாங்கி, ஓயாது விசிறிக் காத்து, மூன்று முதல் நான்கு வாரத்தில் குஞ்சு பொரிக்கும். குஞ்சுகள் தாயின் உருவையே சிற்றளவில் கொண்டு பிறக்கின்றன. முன்பு கூறிய அமானோ இறாலின் இளம்புழுக்களுக்கு உவர்நீர் வேண்டும். செர்ரி இறாலுக்கு அத்தொல்லை இல்லை. ஆகவே நன்கு காத்த தொட்டியில் பத்து இறால் சில மாதங்களில் நூறாவது அரிதன்று.

வெயிற்காலம்

செர்ரி இறாலுக்கு உகந்த வெப்பம் 20 முதல் 26 டிகிரி வரை. 28-ஐத் தாண்டினால் துன்பமடையும். வெப்பம் ஏற ஏற நீரில் கரைந்திருக்கும் பிராணவாயு குறையும், இறாலின் தேவையோ கூடும். நம் சித்திரை வைகாசி வெயிலில் தொட்டி நீர் 30 டிகிரிக்கு மேல் செல்வது இயல்பே. தமிழ்நாட்டில் இறால் வளர்ப்போர்க்கு ஆண்டின் கடினமான பரீட்சை இதுவே.

நீர்ப்பரப்பின் மேல் சிறு மின்விசிறியின் காற்று படுமாறு செய்தால், மண்பானை நீர் குளிர்வது போலவே ஆவியாதலால் வெப்பம் சில டிகிரி குறையும். ஆனால் ஆவியாவது நீர் மட்டுமே. உப்பு தொட்டியிலேயே தங்கிச் செறியும். எனவே குறைந்த அளவை உப்பு நீக்கிய நீராலோ மழைநீராலோ நிரப்ப வேண்டும். கோடையில் உணவைக் குறைக்க வேண்டும். பனிக்கட்டியை நேரே போட்டுத் திடீரெனக் குளிர்வித்தல் தீமையே பயக்கும். மின்வெட்டு நேரும் ஊர்களில் மின்கலத்தால் இயங்கும் ஒரு சிறு காற்றுப் பம்பைக் கைவசம் வைத்திருத்தல் நன்று.

நஞ்சு எங்கிருந்து வருகிறது?

நம் அன்பர்கள் மிகக் கூர்ந்து நோக்க வேண்டிய பகுதி இது. பூச்சியும் இறாலும் கணுக்காலிகள் என்னும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. பூச்சியைக் கொல்ல மனிதன் கண்ட மருந்து இறாலைக் கொல்வதில் வியப்பில்லை. கொசுவர்த்திச் சுருளிலும் மின் கொசுவிரட்டியிலும் உள்ள பைரித்ராய்டு வகை மருந்துகள் மிக நுண்ணிய அளவிலேயே இறாலுக்குக் கேடு செய்யும். காற்றுப் பம்பு அறையின் காற்றையன்றோ நீருக்குள் செலுத்துகிறது! ஆகவே தொட்டியுள்ள அறையில் இவற்றைத் தவிர்த்துக் கொசுவலையைப் பயன்படுத்துக. புதிதாக வாங்கிய நீர்ச்செடிகளிலும் மருந்து படிந்திருக்கக்கூடும். தனி வாளியில் நாள்தோறும் நீர் மாற்றிச் சில நாட்கள் வைத்திருந்து பின்பு நடுதல் வேண்டும்.

அடுத்த பகை தாமிரம். மனிதக் குருதி இரும்பின் துணையால் பிராணவாயுவைச் சுமப்பது போல, இறாலின் குருதி தாமிரத்தின் துணையால் சுமக்கிறது. உணவில் சிறிதளவு தாமிரம் அதற்குத் தேவையே. ஆனால் நீரில் கரைந்த தாமிரம் அதன் செவுள்களைத் தாக்கிக் கொல்லும். திராட்சைக்கும் வெற்றிலைக்கும் தெளிக்கும் மயில்துத்தக் கலவையும், நேரடிச் சாயமிட்ட நூலின் நிறம் வெளுக்காதிருக்கச் சேர்க்கும் மயில்துத்தமும் தாமிர உப்பே. மீன் நோய்களுக்கு விற்கும் மருந்துகள் சிலவற்றிலும் அது உண்டு. தோட்டத்திலிருந்தோ பட்டறையிலிருந்தோ வந்தவர் கையை முழங்கை வரை நன்கு கழுவாமல் தொட்டிக்குள் விடலாகாது. தெளிப்பான் கழுவிய வாளியும் சாயம் கரைத்த வாளியும் எத்தனை முறை அலம்பினாலும் தொட்டிக்கு ஆகா. தொட்டிக்கெனத் தனி வாளி ஒன்று வேண்டும்.

இதிலிருந்து மற்றொரு சிந்தனையும் எழுகிறது. நீரின் நச்சுத்தன்மையை அளக்க விஞ்ஞானிகள் இறாலின் உறவாகிய டாஃப்னியா என்னும் நீர்ப்பூச்சியை நெடுங்காலமாகப் பயன்படுத்தி வருகின்றனர். பொருளாதார ஒத்துழைப்பு வளர்ச்சி அமைப்பு ஏற்றுக்கொண்ட சோதனை முறைப்படி, ஐயத்திற்குரிய நீரில் அவற்றை 48 மணி நேரம் வைத்து, எத்தனை அசைவற்றுப் போகின்றன என்று எண்ணுகின்றனர். நம் கண்ணுக்கும் நாவிற்கும் தெரியாததை அச்சிற்றுயிர் காட்டிவிடுகிறது. மேசைத் தொட்டியில் ஒரு துளி மருந்து நூறு இறாலை மாய்ப்பதைக் கண்டவர், தெளிப்பானைக் கழுவிய நீரை வாய்க்காலில் கொட்டுமுன் ஒரு கணம் நிற்பார். சாயக் கழிவு கலந்த ஓடையில் கூனி ஏன் அகப்படுவதில்லை என்பதையும் அவர்க்கு எவரும் விளக்க வேண்டுவதில்லை.

வாரந்தோறும் செய்யத்தக்கவை

வாரம் ஒருமுறை பத்தில் ஒரு பங்கு, அதாவது 2 லிட்டர் நீரை எடுத்துவிட்டு, அதே வெப்பமும் தன்மையும் உள்ள நீரை மெல்ல ஊற்றுக. முன்பக்கக் கண்ணாடியில் மட்டும் பாசியைத் துடைத்து, மற்ற பக்கங்களில் உள்ளதை இறாலுக்கு விட்டுவிடுக. பஞ்சு அடைத்துக்கொண்டால், எடுத்த தொட்டி நீரிலேயே இரண்டு மூன்று முறை பிழிந்து மீண்டும் பொருத்துக. குழாய் நீரில் கழுவினால் பஞ்சில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் மாண்டு, ஆறு வாரத்து உழைப்பு ஒரு நிமிடத்தில் வீணாகும். நாள்தோறும் ஐந்து நிமிடம் உற்றுநோக்குதல் வேண்டும். இறால்கள் எல்லாம் ஒருங்கே நீர்ப்பரப்பை நாடினாலும், நிலைகொள்ளாமல் தொட்டியெங்கும் சுற்றினாலும், மேய்வதை நிறுத்தினாலும் நீரைச் சோதிக்க வேண்டும். நீர் மாற்றுவதும் அன்று சிறுகச் சிறுகவே ஆகவேண்டும்.

செய்யத்தகாதவை இரண்டு

பராமரிப்பே வேண்டாம் என்னும் விளம்பரத்துடன் முற்றும் மூடப்பட்ட கண்ணாடி உருண்டையில் இறால்களை அடைத்து விற்பதுண்டு. அவை ஹவாய்த் தீவுகளின் உவர்நீர்க் குட்டைகளில் வாழும் மற்றோர் இனம். நல்ல சூழலில் பத்தாண்டுக்கு மேலும் வாழவல்ல அவ்வுயிர், உருண்டைக்குள் போதிய உணவின்றிச் சில ஆண்டுகளில் மெல்ல மெல்ல நலிந்து மடிகிறது. நெடுநாள் பட்டினி தாங்கும் ஆற்றலை நல்வாழ்வு என்று தவறாகக் கருதுதல் தகாது. அத்தகைய உருண்டையை வாங்காதிருப்பதே நன்று.

இரண்டாவது, பெருகிய இறால்களை ஏரியிலோ வாய்க்காலிலோ விடுதல். இது புண்ணியச் செயல் எனச் சிலர் எண்ணலாம். ஆனால் அயல் நாட்டு உயிர் நம் நீரில் வேரூன்றினால் நம் சொந்தச் சிற்றிறால்களின் இரையையும் இடத்தையும் கவரும், நோயையும் பரப்பும். ஆகாயத்தாமரை நம் குளங்களை மூடிய வரலாற்றை நாம் அறிவோம். ஜெர்மனியில் மின் நிலையத்தின் வெந்நீர் கலக்கும் கில்பாக் என்னும் ஓடையில் செர்ரி இறால் குடியேறிவிட்டதை அறிஞர் கண்டனர். குளிர்நாட்டு ஓடையில் இது நிகழுமாயின் நம் நாட்டில் கேட்கவும் வேண்டுமோ? மிகுந்த இறால்களை வளர்க்க விரும்பும் மற்றவர்க்குக் கொடுக்கலாம், கடைக்காரரிடம் விற்கலாம். தொட்டி நீரையும் செடிகளையும் வாய்க்காலில் கொட்டாமல், நீரை வீட்டுத் தோட்டத்து மண்ணில் ஊற்றுக. நைட்ரேட் சேர்ந்த அந்நீர் செடிகளுக்கு நல்ல உணவாகும்.

இத்தொட்டிக்குப் பெருஞ்செலவோ பேருழைப்போ வேண்டா. ஆறு வாரப் பொறுமையும், வாரத்திற்கு அரைமணி நேரமும், நாள்தோறும் சிறிது கவனமுமே வேண்டும். வீட்டுப் பிள்ளைகளிடம் இதன் பொறுப்பில் ஒரு பங்கை ஒப்படைத்தால், உரம் எவ்வாறு உணவாகிறது, விதைத் தேர்வு எவ்வாறு நிறத்தை மாற்றுகிறது, நஞ்சு எவ்வாறு நீரில் பரவுகிறது என்பனவற்றை அவர்கள் புத்தகமின்றியே கண்ணாரக் கண்டு அறிவர். தொட்டியிலுள்ள இருபது லிட்டர் நீரைக் காக்கப் பழகிய கை, ஊர் நீரைக் கெடுக்கத் துணியாது.